தந்தையரும் பாடசாலைத் துறவும்

கல்வியின் வரலாறு என்றதும் பாடசாலைகளின் வரலாற்றையே நாம் எண்ணிக்கொள்கிறோம். எந்தப் பாதிரிமார் எந்த ஆண்டில் எந்தக் கல்லூரியை நிறுவினர், எந்தச் சட்டம் எப்போது நிறைவேறியது, கட்டணம் எப்போது நீக்கப்பட்டது என்பனவே நமது நூல்களை நிரப்புகின்றன. ஆயின், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது விட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. வறுமையினால் அனுப்ப இயலாதவர்களை நான் இவ்விடத்திற் கருதவில்லை. அனுப்ப வசதியிருந்தும், பாடசாலை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று துணிந்து மறுத்தவர்களையே கருதுகிறேன். அவர்களுள் முன்னின்று கொள்கை பேசியோர் பெரும்பாலும் தந்தையராகவே இருந்தமை சிந்தனைக்குரியது.

சென்ற மார்கழி விடுமுறையின்போது, என்னோடு பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பரொருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவரது மகனுக்கு அப்போது வயது நான்கு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் விடியலில் ஒரு ரியூஷன், மாலையில் ஒரு ரியூஷன் என்று பை சுமந்து ஓடுவதைக் கண்டு மனங்கசந்திருந்த நண்பர், தம் மகனைப் பாடசாலைக்கே அனுப்பப்போவதில்லை என்றார். மேனாட்டார் 'அன்ஸ்கூலிங்' என வழங்கும் முறையைப் பற்றி அவர் நிறைய வாசித்திருந்தார். அதிலே பாடத்திட்டமில்லை, மணியில்லை, பரீட்சையில்லை. பிள்ளை தன் ஆர்வம் இழுத்த வழியே சென்று வாழ்க்கையினூடே கற்கும். பெற்றோர் துணைநிற்பர், அவ்வளவே. இதனைத் தமிழிற் பாடசாலைத் துறவு என்று கூறலாம்.

அவர் பேசி முடியும்வரை பொறுத்திருந்த அவரது மனைவி என்னைப் பார்த்து, "அண்ணை, இவர் காலமை வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வாறவர். எனக்கும் ஆஸ்பத்திரியிலை டியூட்டி. அப்ப பிள்ளையோடை வீட்டிலை நிக்கிறது ஆர் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். அவர் தாதியாகக் கடமையாற்றுபவர். நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய பெரிய கல்விச் சிந்தனையாளர்கள் முன்னிலையிற் கேட்கப்படாது போன கேள்வி அது என்று தோன்றியது. அக்கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு இத்துறவின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

நவீன காலத்தில் இதற்கு வித்திட்டவர் ரூசோ. 1762ஆம் ஆண்டில் வெளியான 'எமில்' என்னும் நூலில் அவர் படைத்த சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதுவரை புத்தகமே கிடையாது. அதன்பின் அவன் கையில் முதலிற் கொடுக்கப்படுவது 'ரொபின்சன் குரூசோ'. அவன் விழுந்தும் எழுந்தும், வெயிலிலும் குளிரிலும், பொருள்களிடமிருந்தே கற்பான். பிறப்பே மனிதனின் இடத்தை நிர்ணயித்த நிலமானிய சமுதாயத்தில், பிரபுவாகவோ பாதிரியாகவோ ஆகுமுன் பிள்ளை முதலில் மனிதனாக வேண்டும் என்று கூறியது புரட்சிகரமான குரல் என்பதில் ஐயமில்லை. நூலை எரிக்குமாறு பாரிசில் தீர்ப்பாயிற்று. ஆசிரியர் நாட்டைவிட்டு ஓடினார்.

ஆனால், எமிலை வளர்ப்பவன் அவனுடைய தந்தையல்லன். வேறு தொழிலெதுவுமின்றி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரேயொரு பிள்ளைக்காகத் தன் வாழ்நாளைச் செலவிடும் கற்பனை ஆசான் ஒருவன். உண்மை வாழ்விலோ, சலவைத் தொழில் செய்த தெரேஸ் லெவசேரிடம் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் ரூசோ பாரிசிலிருந்த கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்திற் சேர்ப்பித்தார். தெரேஸ் மனமின்றியே உடன்பட்டாள் என்பதைப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். எமிலுக்கு மனைவியாக வரவிருந்த சோஃபிக்கு நூலின் இறுதிப் பகுதியில் விதிக்கப்பட்ட கல்வி, ஆணை மகிழ்விப்பதற்கான கல்வியாகும். சுதந்திரம் பேசிய நூலில் சுதந்திரம் யாருக்கு என்பதை அப்போதே ரூசோ வரையறுத்துவிட்டார்.

நூல் எழுதியவரை விடுவோம். அதனை வாசித்துவிட்டுத் தம் சொந்தப் பிள்ளையிடம் பரீட்சித்துப் பார்த்த தந்தையரே நமக்கு முக்கியமானவர்கள். அயர்லாந்தின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த றிச்சேட் லொவெல் எட்ஜ்வேர்த் அவர்களுள் ஒருவர். 1764இற் பிறந்த தமது மூத்த மகன் டிக்கை அவர் எழுத்து வாசனை காட்டாது, வெறுங்காலும் வெறுங்கையுமாகத் திரியவிட்டு வளர்த்தார். பையன் அஞ்சாதவனாய், உடல் வலிமையும் பொறிகளின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளும் கூர்மையும் உடையவனாய் வளர்ந்தான். 1771ஆம் ஆண்டு, ஏழு வயது மகனை பாரிசுக்கு அழைத்துச் சென்று ரூசோவிடமே காட்டினார். ரூசோ சிறுவனைத் தனியே உலாவ அழைத்துச் சென்று திரும்பி வந்து, பிள்ளை கெட்டிக்காரன்தான் என்றார். ஆனால், வழியில் நல்ல குதிரையையோ வண்டியையோ கண்டபோதெல்லாம் அது ஆங்கில நாட்டினுடையது என்று அவன் சாதித்ததைச் சுட்டிக்காட்டி, இந்தத் தேச அபிமானம் பிற்காலத்திற் பிள்ளைக்குக் கேடாகலாம் என்று எச்சரித்தார். பாடசாலையின் வாசலையே மிதியாத பையனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும்தான். பாடசாலையை நீக்கிவிட்டால் சமுதாயமும் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்துவிட்டது.

பிரான்சில் லியோன் நகரத்து ஆற்றுவேலை ஒன்றில் எட்ஜ்வேர்த்தின் மனம் ஈடுபட்டது. மகன் வேறொருவரின் பொறுப்பில் விடப்பட்டான். கருவுற்றிருந்த மனைவி தனியே நாடு திரும்பி, 1773இற் பிள்ளைப்பேற்றின்பின் இறந்தார். டிக் எவர் சொல்லுக்கும் அடங்காதவனாகி, பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, பின் கடலோடியாகி, இறுதியில் அமெரிக்காவிற் குடியேறி 1796இல் மறைந்தான். தமது முயற்சி பிழைத்ததைத் தந்தை தம் வாழ்க்கைக் குறிப்புகளில் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டவே வேண்டும்.

எட்ஜ்வேர்த் நான்கு முறை மணந்தவர். இருபத்திரண்டு பிள்ளைகளின் தந்தை. எஞ்சிய பிள்ளைகளிற் பெரும்பாலோர் வீட்டிலேயே கற்றனர். இம்முறை ஓரளவு நன்றாகவே கற்றனர். காரணம் யாது? இரண்டாம் மனைவி ஹொனோரா, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எப்படிச் சிந்தித்தார்கள் என்பதை நாள்தோறும் குறித்துவைக்கத் தொடங்கினார். அவருக்குப்பின் மூத்த மகள் மரியா தம் இளைய உடன்பிறப்புகளுக்கு ஆசிரியையானார். 1798இல் 'நடைமுறைக் கல்வி' என்ற நூல் மரியாவின் பெயரும் தந்தையின் பெயரும் தாங்கி வெளிவந்தது. கொள்கையோடு நின்ற தந்தையின் முயற்சி ஒரு பிள்ளையோடு முறிந்தது. பெண்கள் கண்ணூன்றிக் கவனித்த வீட்டில் அது நூலாயிற்று. அக்குடும்பத்து மகனொருவர் 1816இல் தம் ஊரில் ஒரு பாடசாலையைத் திறந்தார் என்பதையும் குறிப்பிடவேண்டும். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும், செல்வரும் வறியோரும் ஒன்றாக அமர்ந்து கற்பதற்கான பாடசாலை அது.

எட்ஜ்வேர்த்தின் உயிர்நண்பர் தோமஸ் டேயின் கதை இன்னும் கசப்பானது. அடிமை முறையைக் கண்டித்துக் கவிதை எழுதியவர் அவர். அதே மனிதர் 1769இல் அநாதைச் சிறுமியர் இருவரை அழைத்துச் சென்று, ஒருத்தியை ரூசோவின் சோஃபியைப்போல் வளர்த்து மணந்துகொள்ளத் திட்டமிட்டார். சிறுமியின் மனவுறுதியைச் சோதிக்க அவளது கையில் உருகிய மெழுகை ஊற்றினார். பாடசாலையில் ஆசிரியரைக் கண்காணிக்க அதிபரேனும் இருக்கிறார். வீட்டின் கதவு சாத்தப்பட்டபின் அங்கே யார் இருக்கிறார்கள்?

சுவிற்சர்லாந்தின் பெஸ்டலோசி இவர்களினும் மேலானவர். 1770இற் பிறந்த ஒரே மகனுக்கு ரூசோவின் நினைவாகவே பெயரிட்டவர். 1774இல் அவர் எழுதிய நாட்குறிப்பு ஓர் இளந்தந்தையின் தடுமாற்றத்தை அப்படியே காட்டுகிறது. பிள்ளையைச் சுதந்திரமாக விடவேண்டும் என்று எழுதுகிறார். அதே குறிப்பில், மூன்றரை வயதுப் பிள்ளையிடம் எண்ணையும் இலத்தீன் சொற்களையும் வற்புறுத்திப் புகட்ட முயன்றதையும், பிள்ளை முரண்டு பிடித்ததையும் எழுதுகிறார். சுதந்திரமா கீழ்ப்படிவா என்று தம்மைத் தாமே கேட்கிறார்; இரண்டுமே வேண்டும் போலிருக்கிறதே என்று திகைக்கிறார். என் மகளுக்கு ஏடு தொடக்கிய நாட்களில் நானும் இதே திகைப்பை அனுபவித்தவனாகையால், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த மனிதர் எனக்கு மிக நெருங்கியவராகத் தோன்றினார்.

பெஸ்டலோசியின் மகனுக்குப் பதினொரு வயதிலும் எழுத்தும் வாசிப்பும் சரிவரக் கைவரவில்லை. வலிப்பு நோயும் அவனை வாட்டியது. 1801இல் தந்தைக்கு முன்பே அவன் இறந்தான். ஆனால், பெஸ்டலோசி தம் மகனோடு நின்றுவிடவில்லை. தமது நொய்ஹோப் பண்ணையில் ஊரின் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, வேலையும் கல்வியும் ஒன்றாக அளிக்க முனைந்தார். அம்முயற்சியில் மனைவி அன்னாவின் சொத்து முழுவதும் கரைந்தது. குலைந்துபோன அவ்வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் எலிசபெத் என்ற பணிப்பெண். அவர் புகழ்பெற்ற நூல்களில் வரும் 'கெர்ட்ரூட்' என்ற இலட்சியத் தாய்க்கு முன்மாதிரி அவளே. ஐரோப்பியத் தொடக்கக் கல்வியை மாற்றியமைத்த கோட்பாட்டின் பின்னே சம்பளத்துக்கு வேலைசெய்த ஒருத்தியின் உழைப்பு இருக்கிறது.

ஜேம்ஸ் மில்லைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவர் மகனைப் பாடசாலைக்கு அனுப்பவில்லையாயினும், தாமே கடுமையான பாடசாலையாகிவிட்டார். தாம் ஒருபோதும் கண்டிராத இந்தியாவின் வரலாற்றை மேசையின் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டே, மறுபக்கத்தில் இருந்த மகனுக்கு மூன்று வயதிலிருந்து கிரேக்கம் கற்பித்தார். ஜோன் ஸ்டூவர்ட் மில் பேரறிஞரானார். இருபது வயதில் மனமொடிந்தும் போனார். அவர் எழுதி 1873இல் வெளிவந்த சுயசரிதையில் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேற்கூறியோர் யாவரும், நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்குமான பாடசாலையே இல்லாத காலத்தவர். கட்டாயக் கல்வி வேரூன்றி, பாடசாலை ஒவ்வொரு பிள்ளையின் வாழ்விலும் புகுந்தபின் பாடசாலைத் துறவு வேறு பொருள் பெறுகிறது. அதன் களம் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா.

ஜோன் ஹோல்ட் (1923-1985) தனியார் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். நண்பரொருவர் பாடம் நடத்த, தாம் ஒரு மூலையில் அமர்ந்து பிள்ளைகளின் முகங்களையே கவனித்தவர். பிள்ளைகள் சிந்திப்பதில்லை, ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையை மோப்பம் பிடிக்கிறார்கள். அச்சமே அவர்களை மந்தமாக்குகிறது என்று அவர் கண்டார். அக்குறிப்புகள் 1964இல் 'பிள்ளைகள் எவ்வாறு தோற்கின்றனர்' என்னும் நூலாக வந்தன. பாடசாலையைத் திருத்தலாம் என்று முதலில் நம்பிய அவர், எழுபதுகளில் நம்பிக்கை இழந்தார். 1977இல் பொஸ்ரன் நகரிலிருந்து, பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோருக்காக ஒரு செய்திமடலை ஆரம்பித்தார். அன்ஸ்கூலிங் என்ற சொல் அவர் வழியாகவே பரவியது. அவர் கண்ட அச்சம் உண்மையானது. என் வகுப்பறையிலும் கேள்வி கேட்டதும் தலை குனியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலரைக் குனியவைத்தவன் நான்தான். ஆகையால், அந்நூலை ஆசிரியர்கள் வாசிக்கவேண்டும். எனினும், ஹோல்ட் அவதானித்த பிள்ளைகள் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மறக்கலாகாது. ஹோல்ட் மணம் செய்யாதவர். 1971இல் 'பாடசாலையற்ற சமுதாயம்' பேசிய இவான் இலிச் துறவறம் பூண்ட பாதிரியார். இரவு மூன்று மணிக்குக் காய்ச்சலில் அழும் பிள்ளையைத் தோளிற் சுமந்தவர்கள் அல்லர் இவர்கள்.

ஹோல்டின் நூல் வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டில், அதே நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்தில் நிகழ்ந்தது யாது? பிரின்ஸ் எட்வேர்ட் என்னும் மாவட்டத்திற் கறுப்பினப் பிள்ளைகளின் உயர்தரப் பாடசாலை 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. 450க்கு மேற்பட்டோர் அதில் நெருக்குண்டனர். எஞ்சியோருக்குத் தார்க் கடதாசி போர்த்திய கொட்டகைகளே வகுப்பறைகள். 1951 ஏப்ரில் 23இல், பதினாறு வயது மாணவி பாபரா ஜோன்ஸ் தலைமையில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்திலிருந்து எழுந்த வழக்கு, 1954இல் இனப் பிரிப்பைச் சட்டவிரோதமாக்கிய புகழ்பெற்ற தீர்ப்பின் ஓர் அங்கமாயிற்று. வெள்ளையரின் மாவட்ட நிர்வாகம் அதற்குக் கொடுத்த மறுமொழி விசித்திரமானது. கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒன்றாக அமர்வதைக் காட்டிலும் பாடசாலையே இல்லாதிருப்பது மேல் என்று, 1959இல் மாவட்டத்தின் அரச பாடசாலைகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை உடனே எழுந்தது. ஏறத்தாழ 1700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் விடப்பட்டனர்.

மணியும் பரீட்சையும் பாடத்திட்டமும் இல்லாத ஆண்டுகள் அப்பிள்ளைகளுக்கும் கிடைத்தன. ஹோல்ட் வேண்டிய சுதந்திரம் அதுவல்ல என்பதை நான் அறிவேன்; அவரைக் குற்றஞ்சாட்டவும் முயலவில்லை. அப்பெற்றோர் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழித்தனர் என்பதையே காணவேண்டும். சிலர் பிள்ளைகளைப் பிற மாநிலங்களிலுள்ள உறவினரிடமும் முன்பின் அறியாத குடும்பங்களிடமும் அனுப்பினர். தேவாலயங்களின் நிலவறைகளிற் சிறு வகுப்புகள் நடந்தன. பலருக்கு எதுவுமே கிட்டவில்லை. கறுப்பினத்தவருக்கெனத் தனியான தனியார் பாடசாலை அமைத்துத் தருவதாக வெள்ளையர் முன்வந்தபோது, பிரிப்பை ஏற்றுக்கொள்வதாக முடியும் என்று பெற்றோர் அதை மறுத்துவிட்டனர். அவ்வூரின் பாதிரியாரும் தந்தையுமான பிரான்சிஸ் கிரிஃபின் தம் பிள்ளைகளின் பெயரால் வழக்கை நடத்தினார். 1963இல் தற்காலிக இலவசப் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது, அங்கு வந்த வளர்ந்த பிள்ளைகளுட் பலர் எழுத்துக்கூட்டத் தொடங்கவேண்டியிருந்தது. 1964 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பாடசாலைகளைத் திறக்குமாறு கட்டளையிட்டது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1972 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் முன் வேறு தந்தையர் நின்றனர். விஸ்கொன்சின் மாநிலத்து ஆமிஷ் சமயப் பிரிவைச் சேர்ந்த யோடரும் அவருடைய தோழர் இருவரும், எட்டாம் வகுப்புக்குமேல் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்து, ஆளுக்கு 5 டொலர் தண்டம் விதிக்கப்பட்டவர்கள். உயர்தரப் பாடசாலை பிள்ளைகளைத் தம் நிலத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் பிரித்துவிடும் என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரு தந்தை பாடசாலைக் கதவைத் திறக்கவும், மற்றொரு தந்தை அதிலிருந்து பிள்ளையை விடுவிக்கவும் ஒரே நீதிமன்றத்தின் படியேறினர். இருவரையும் நான் மதிக்கிறேன். ஆனால், இரண்டாம் வழக்கில் நீதியரசர் டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு எழுதிய கருத்தே என் மனத்தைத் தொட்டது. பெற்றோர் பேசினார்கள், அரசு பேசியது. பிள்ளைகளை யார் கேட்டார்கள் என்றார் அவர். அவ்வழக்கில் ஒரேயொரு சிறுமிதான் தன் நம்பிக்கையைத் தன் வாயாற் சாட்சி கூறியிருந்தாள். பிரின்ஸ் எட்வேர்டிலோ முதலில் எழுந்து பேசியவர்களே பிள்ளைகள்.

இதன்பின் வந்த காலம் விரைவானது. 1993 அளவில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று. சமயப் பழைமைவாதிகளும் ஹோல்டின் வழியினரும் ஒரே சட்டத்தின் நிழலில் ஒதுங்கினர். பீற்றர் கிரே, ஜீனா றைலி ஆகியோர் 232 பாடசாலைத் துறவுக் குடும்பங்களை வினவி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தம் மனத்திலிருந்து பாடசாலையை அகற்றுவதே பெருஞ்சிரமம் என்று பலர் கூறியிருந்தனர். உறவினரின் கண்டனம் அதனினும் பெரிது. அவ்வினாக்களுக்கு விடையளித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்மார். தந்தையர் ஒரு சிலரே. இக்காலத் தந்தையர் பலர் மாறியிருக்கின்றனர். வேலையைக் குறைத்துக்கொண்டு, சமையலும் துணிதுவைப்பும் பழகி, பிள்ளையோடு நாளைக் கழிப்பவர்களும் உளர். ஆயின், அவர்கள் எண்ணிக்கை கொள்கை பேசுவோர் எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை.

நம் மண்ணைப் பற்றி ஒரு சொல். 1929-30ஆம் ஆண்டுகளில், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்திலிருந்து வாங்கில் ஏறி அமர்வதற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை அது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1998இல் ஐந்து வயது முதல் பதினான்கு வயதுவரை கல்வி கட்டாயமாகி, 2016இல் அந்த எல்லை பதினாறாக உயர்ந்தது. இத்தனைக்கும் பின் அந்த வாங்கிலிருந்து தம் பிள்ளையை எழுப்பி அழைத்துச் செல்லும் தகப்பனை நான் ஏசமாட்டேன். எங்கள் வகுப்பறைகள் அவரைத் தடுத்து நிறுத்தும் தகுதியோடு இல்லை. அவர் விட்டுச்செல்லும் வாங்கிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் மீனுக்கும் தோட்டத்துக்கும் கூலிக்கும் விடியலிற் போய்விடுகிறார்கள் என்பதைத்தான் அவரிடம் சொல்லுவேன்.

இவற்றையெல்லாம் நண்பருக்கு நீண்ட கடிதமாக எழுதினேன். பதில் அவரிடமிருந்து வரவில்லை. அவருடைய மனைவியிடமிருந்து வந்தது. தாம் இரவுக் கடமைக்கு மாற்றம் கேட்டிருப்பதாகவும், நண்பர் வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து பார்த்ததாகவும், முதல் நாள் மத்தியானம் பிள்ளைக்குச் சோறு தீத்த மறந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். வருகிற தையில் மகனுக்கு ஐந்து வயது நிறைகிறது. அடுத்த வீட்டுப் பெட்டை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே போகிறாள் என்று அவன் கேட்கத் தொடங்கியிருக்கிறானாம்.